இரண்டு பெட்டிக்கும் 50% கொடுத்தும் ஒன்று கீழே விழுகிறது, ஏன்?

கற்றுக்குட்டி:
வணக்கம். வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல், அதற்குத் தோற்றம் கொடுக்கும் சிஎஸ்எஸ் இரண்டையும் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இடதுபுறம் ஒரு பெட்டி, வலதுபுறம் ஒரு பெட்டி, அவ்வளவுதான் என் ஆசை. வெளியே 800 பிக்சல் அகலத்தில் ஒரு டிவ் (ஹெச்டிஎம்எல்லில் பெட்டிக்கு அதுதான் பெயர்). உள்ளே இரண்டு டிவ். அந்த இரண்டுக்கும் டிஸ்ப்ளே இன்லைன்-பிளாக் (பெட்டிகளை ஒரே வரியில் வைக்க), விட்த் அதாவது அகலம் 50%, பேடிங் (விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடம்) 20 பிக்சல், பார்டர் (சுற்றுக்கோடு) 1 பிக்சல். ஐம்பதும் ஐம்பதும் நூறுதானே? ஆனால் இரண்டாவது பெட்டி கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், 45% என்றாலும் விழுகிறது, 44% என்றால் ஒழுங்காக நிற்கிறது. அந்த 44 எங்கிருந்து வந்தது?

நடுராத்திரி:
முதலில் சிஎஸ்எஸ் ஃபைல் லோடு ஆகிறதா பாருங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான்.

கற்றுக்குட்டி:
ஆகிறது. பின்னணி நிறத்தை மாற்றினால் மாறுகிறது.

பெட்டிக்காரர்:
அப்படியென்றால் கணக்குதான் பிரச்சினை. விட்த் என்று நீங்கள் கொடுப்பது உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஒதுக்கும் இடம் மட்டும். பேடிங்கும் பார்டரும் அதற்கு வெளியே ஏறும். 800-இல் பாதி 400, இருபக்கப் பேடிங் 40, இருபக்கப் பார்டர் 2. ஒரு பெட்டி 442, இரண்டும் சேர்ந்து 884. இடம் ஏது? 45% என்றால் 360-உம் 42-உம் 402, இரண்டுக்கு 804. வெறும் நாலு பிக்சலில் கோட்டை விட்டீர்கள். 44%-இல் 788, அதனால் நின்றது.

பெட்டிகளுக்கு பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ் கொடுங்கள். பேடிங், பார்டர் எல்லாம் அந்த 400-க்குள் அடங்கிவிடும். (பழைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தானாகவே இப்படித்தான் கணக்குப் போட்டது. அன்றைக்கு அதைத் தப்பு என்று திட்டினோம், இன்றைக்கு நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.)

கற்றுக்குட்டி:
போட்டேன். அசையவே இல்லை.

நடுராத்திரி:
பெட்டியின் மேல் ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட். ஸ்டைல்ஸ் பகுதியில் அந்த வரி எப்படி இருக்கிறது?

கற்றுக்குட்டி:
குறுக்கே கோடு அடித்திருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அட, நடுவில் இருக்கவேண்டிய சின்னக் கோட்டை விட்டு ‘பார்டர்பாக்ஸ்’ என்று ஒட்டி எழுதியிருக்கிறேன்!

நடுராத்திரி:
அதேதான். சிஎஸ்எஸ் புரியாத வரியைச் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். பக்கத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது, இன்ஸ்பெக்டில்தான் மாட்டும்.

கற்றுக்குட்டி:
திருத்தினேன். இப்போது இரண்டும் சரியாக 400 காட்டுகிறது. ஆனாலும் இரண்டாவது கீழேதான்! எனக்கு அழுகையே வருகிறது.

பெட்டிக்காரர்:
அழாதீர்கள், இது எல்லோரும் விழுந்த குழி. ஹெச்டிஎம்எல்லில் முதல் டிவ்வை மூடிவிட்டு என்டர் தட்டி அடுத்ததைத் தொடங்கியிருப்பீர்கள். இன்லைன்-பிளாக் பெட்டிகளை பிரவுசர் சொற்களைப் போல வரியில் அடுக்கும். அந்த என்டர் அதற்கு ஓர் இடைவெளி. 800-க்கு மேல் ஒரு துளி கூடினாலும் போச்சு.

இன்லைன்-பிளாக்கை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் டிஸ்ப்ளே: ஃபிளெக்ஸ் போடுங்கள். பாக்ஸ்-சைஸிங் இருக்கட்டும்.

கற்றுக்குட்டி:
இரண்டு பெட்டிக்கும் ஃபிளெக்ஸ் போட்டேன். பழையபடி ஒன்றின் கீழ் ஒன்று.

பெட்டிக்காரர்:
நான்தான் தெளிவாகச் சொல்லவில்லை, மன்னிக்கவும். ஃபிளெக்ஸ் பிள்ளைகளுக்கு இல்லை, வெளியே இருக்கும் தாய் டிவ்வுக்கு. யாருடைய உள்ளே அடுக்க வேண்டுமோ அவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

கற்றுக்குட்டி:
வந்துவிட்டது!! இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. நடுவில் கொஞ்சம் இடம் விடலாமா, அல்லது மறுபடி விழுமா?

பெட்டிக்காரர்:
தாய்க்கே கேப்: 16 பிக்சல் கொடுங்கள். விழாது. ஃபிளெக்ஸில் இடம் போதாவிட்டால் பிள்ளைகள் சுருங்கிக்கொள்ளும்.

கற்றுக்குட்டி:
ஆமாம், ஆளுக்கு 392 காட்டுகிறது. ரொம்ப நன்றி அண்ணா.