கஷ்டத்தைச் சொன்னால்தான் மைக் கிடைக்குமா? ஓப்ரா வின்ஃப்ரியைப் பற்றி ஒரு கேள்வி

புக்கிட்மேரா_பெண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 23. அடுத்த மாதம் ஒரு பேட்டி நிகழ்ச்சியை நடத்தும் படைப்பாளருக்கான தேர்வு இருக்கிறது. இணையத்தில் வரப்போகும் சின்ன நிகழ்ச்சிதான், ஆனால் எனக்கு அது பெரிது. முதலில் மூன்று நிமிடம் என்னைப் பற்றி நானே பேச வேண்டும். அப்புறம் அவர்கள் உட்கார வைக்கும் ஒருவரைப் பேட்டி எடுத்துக் காட்ட வேண்டும். அந்த முதல் மூன்று நிமிடத்தை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீட்டில் அம்மா, தம்பி, நான் மூவரும் இருக்கிறோம். அம்மா உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுத்து மேசை துடைக்கும் வேலை பார்க்கிறார். நான் தொடக்கநிலை 4 படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. பாட்டி இருந்தவரை எங்களோடுதான் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் பள்ளி விட்டு வந்ததும் தமிழ் முரசு நாளிதழை நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த பிறகு சமூக மன்ற நிகழ்ச்சி, கல்யாணம், பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் அறிவிப்பாளராகப் போகிறேன். சில இடங்களில் 150 வெள்ளி கொடுப்பார்கள். சில இடங்களில் சாப்பாடும் நன்றியும் மட்டும்.

போன வருடம் வேறோர் இடத்தில் குரல்தேர்வுக்குப் போனேன். செய்தி வாசிக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். வேலையிட விபத்தில் இறந்துபோன ஒரு தொழிலாளியைப் பற்றிய செய்தி. ஊரில் அவருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது என்ற வரிக்கு வந்தபோது என் குரல் உடைந்துவிட்டது. "உணர்ச்சி அதிகம்மா, இதற்குச் சரிப்பட்டு வராது" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இந்தத் துறையில் இருக்கும் ஒரு நண்பர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேச்சு நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரியைக் காட்டிச் சொல்கிறார்: "ஓப்ராவைப் பார். பட்ட கஷ்டத்தைச் சொன்னார், அமெரிக்காவே அவர் காலடியில். உன்னிடமும் கதை இருக்கிறது. அந்த வீட்டைச் சொல், அம்மா மேசை துடைப்பதைச் சொல், அப்பா போனதைச் சொல். இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தால் இன்னும் நல்லது."

அவர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். நானும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மாவைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து விலை பேசுவதுபோல் இருந்தது.

ஓப்ரா உண்மையில் எப்படித்தான் மேலே வந்தார்? அவரைத் தூக்கிவிட்டது அந்தக் கஷ்டக் கதைதானா? அவர் நிகழ்ச்சியை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

அம்மா, நீ என் மகள் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். தப்பாக நினைக்காதே.

ஓப்ரா நிகழ்ச்சியைப் பல வருடம் விடாமல் பார்த்தவள் நான். இரண்டு பிள்ளைகளை இடுப்பிலும் மடியிலும் வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்த காலம் அது. பெரியவர்கள் யாரோடும் நாள் முழுக்கப் பேச முடியாத எனக்கு அந்தப் பெண் பேசுவது துணையாக இருந்தது. பிறகு நூலகத்தில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் படித்தேன். உன் நண்பர் சொல்வதில் வரிசை தப்பு. வருடங்களைப் போட்டுப் பார்த்தால் உனக்கே தெரியும்.

1954இல் மிசிசிப்பி மாநிலத்தில் கொசியஸ்கோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கல்யாணம் ஆகாத இளம் தாய். ஆறு வயதுவரை வளர்த்தது பாட்டி ஹேட்டி மே. உருளைக்கிழங்குச் சாக்கில் தைத்த உடுப்பு போட்ட வறுமை. ஆனால் மூன்று வயதுக்குள் பேத்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார் அந்தப் பாட்டி. குட்டிப் பெண் தேவாலயத்தில் எழுந்து நின்று பைபிள் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்புறம் மில்வாக்கிக்கு அம்மாவிடம் போனார். அம்மா வீட்டு வேலை செய்து பிழைத்தவர், பகலில் வீட்டில் இருக்க முடியாது. ஒன்பது வயதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைகளை நான் விவரிக்க விரும்பவில்லை. சொந்தத்திலும் பழக்கத்திலும் இருந்த ஆண்கள் செய்தது. 14 வயதில் குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்து இறந்தும் போனது.

அடுத்தது நாஷ்வில், அப்பா வெர்னன் வீடு. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், கண்டிப்பானவர். புத்தகம் படித்து அதில் என்ன இருந்தது என்று எழுதிக் காட்ட வேண்டும், புதுச் சொற்கள் கற்க வேண்டும். அந்த வீட்டில் அதுதான் சட்டம். பள்ளியில் பேச்சுப் போட்டியில் ஜெயித்துக் கல்லூரிக்கு உதவிப்பணம் வாங்கினார். உள்ளூர் வானொலியில் நுழைந்தது எப்படித் தெரியுமா? அந்த நிலையத்தின் சார்பில் ஒரு அழகிப் போட்டியில் வென்று, பரிசை வாங்கப் போனார். போன இடத்தில் "இதைக் கொஞ்சம் வாசி பார்க்கலாம்" என்று செய்தித்தாளைக் கொடுத்தார்கள். வாசித்தார். வேலை கொடுத்துவிட்டார்கள். அந்த அறையில் யாரும் அவர் பட்ட பாட்டைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று வயதிலிருந்து சத்தமாக வாசித்த வாய் அது.

உன் கேள்வியில் நீ ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விஷயத்தைத் திரும்பப் போய்ப் படி. பாட்டிக்கு முரசு படித்துக் காட்டினேன் என்றாய். எத்தனை வருடம் படித்தாய்? பாட்டி எந்தப் பக்கத்தை முதலில் கேட்பார்? புரியாத சொல் வந்தால் எப்படி விளக்கினாய்? அவர் முகத்தைப் பார்த்துத்தானே எங்கே நிறுத்துவது, எங்கே மெதுவாகப் போவது என்று கற்றுக்கொண்டாய்? நீ இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, "உணர்ச்சி அதிகம்" என்று உன்னை அனுப்பிவிட்டார்களே, அதைப் படித்ததும் எனக்குப் பால்டிமோர்தான் ஞாபகம் வந்தது. 1976இல், 22 வயதில், ஓப்ராவை அந்த ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தில் மாலைச் செய்தி வாசிக்க உட்கார வைத்தார்கள். சில மாதங்களில் இறக்கிவிட்டார்கள். வீடு எரிந்து தெருவில் நிற்கும் குடும்பத்திடம் போய் "எப்படி உணர்கிறீர்கள்" என்று மைக்கை நீட்ட அவரால் முடியவில்லை. செய்திக்கு அது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் 1978இல் அதே நிலையம் அவரை ஒரு காலைப் பேச்சு நிகழ்ச்சியில் போட்டது. முதல் நாளே சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். எதிரில் இருப்பவரின் வலியைத் தன் வலியாகக் கேட்கும் அந்த மனசுக்கு அங்கேதான் வேலை இருந்தது.

1984 ஜனவரியில் சிகாகோ போனார். யாரும் பார்க்காத அரை மணி நேரக் காலை நிகழ்ச்சி. எதிரில் ஃபில் டோனஹ்யூ, அந்த வகை நிகழ்ச்சிகளின் ராஜா. சில மாதங்களில் சிகாகோவில் அவரைத் தாண்டிவிட்டார். 1986 செப்டம்பரில் அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பானது. தனக்கு நடந்த கொடுமையை நாடே பார்க்கும் திரையில் அவர் சொன்னது அந்த வருடக் கடைசியில்தான், அதே கொடுமைக்கு ஆளானவர்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சியின் நடுவில். அதற்குள் நாற்காலி அவருடையதாகிவிட்டது.

14 வயதில் பெற்ற குழந்தையின் கதையோ அவர் சொல்லி வெளியே வரவில்லை. கூடப் பிறந்தவரே ஒரு கிசுகிசுப் பத்திரிகைக்குக் காசுக்கு விற்றார். அவமானத்தில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்று ஓப்ரா பிறகு சொன்னார். அவ்வளவு புகழ், அவ்வளவு பணம் வந்த பிறகும், தன் கதை இன்னொருவர் கையில் விலைபோனபோது அவருக்கு அப்படித்தான் வலித்தது. நீ கண்ணாடி முன்னால் பாதியில் நிறுத்தினாயே, சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறாய்.

---

செங்காங்_அண்ணன் எழுதியது:

அக்கா சொன்ன வரிசை சரி. ஆனால் ஒரு பக்கத்தை நானும் சொல்ல வேண்டும். நான் ஒன்பது வருடமாகக் குடும்பச் சேவை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வெளியே சொல்லவே முடியாத விஷயங்களோடு வருகிறவர்களுக்கு எதிரில் உட்கார்வதுதான் என் வேலை.

நம் வீடுகளில் "வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்ற ஒரு வாக்கியம் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். 1986இல் ஒரு பெண் தொலைக்காட்சியில் "எனக்கும் நடந்தது" என்று சொன்னது சின்ன விஷயம் இல்லை. அவர் அதோடு நிற்கவும் இல்லை. 1991இல் அமெரிக்க செனட் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்கள் முன்பு குற்றம் செய்தவர்களா என்று சரிபார்க்க நாடு முழுவதற்குமான பதிவு வேண்டும் என்று கேட்டார். 1993 டிசம்பரில் அதிபர் கிளின்டன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓப்ரா சட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள்.

அதனால் தங்கச்சி, வாடகை வீட்டில் வளர்ந்ததை மறைக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: இது யாருடைய கதை? வீடு உங்களுடையது, தாராளமாகச் சொல்லலாம். மேசை துடைப்பது அம்மாவின் வேலை. அப்பா போனது அம்மாவின் வாழ்க்கை. அம்மாவிடம் கேட்டீர்களா?

---

ஒலிவாங்கி எழுதியது:

நானும் அறிவிப்பாளர்தான், 12 வருடம். சுருக்கமாக இரண்டு விஷயம்.

மூன்று நிமிடத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அந்தப் பேட்டியை யோசித்தீர்களா? தேர்வுக் குழுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகப் பேசுகிறவர்கள் நிறைய வருவார்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்போது தாளில் அடுத்த கேள்வியைத் தேடாமல் அவர் முகத்தைப் பார்க்கிறவர் பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். எழுதி வைத்த கேள்வியை விட்டுவிட்டு, அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும். ஒரு மூச்சு விட்டுத் தொடருங்கள்.

இரண்டாவது, காசு. ஓப்ராவைக் கோடீஸ்வரி ஆக்கியது சம்பளம் இல்லை. தன் பெயரைத் திருப்பிப் போட்டு ஹார்போ என்று சொந்த நிறுவனம் தொடங்கி, 1988இல் நிகழ்ச்சியின் உரிமையையே தன் கைக்குக் கொண்டுவந்தார். சொந்த ஸ்டூடியோ வைத்த அமெரிக்கப் பெண்களில் மேரி பிக்ஃபோர்டு, லூசில் பால் என்ற இரண்டு நடிகைகளுக்கும் அடுத்தவர் அவர். தேர்வானால் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். துண்டுக் காணொளிகள் யாருக்குச் சொந்தம், உங்கள் சொந்தக் கதையை அவர்கள் விளம்பரத்துக்கு எடுத்துப் போடலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சாப்பாடு மட்டும் கொடுக்கும் கல்யாணங்களுக்கும் இனிமேல் போகாதீர்கள். 150 வெள்ளியே குறைவு.

---

புக்கிட்மேரா_பெண் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தெம்பனிஸ் அக்கா எழுதியதை எம்ஆர்டி ரயிலில் படித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்கா, கேட்டதற்குப் பதில்: ஏழு வருடம் படித்தேன். பாட்டி முதலில் கேட்பது மரண அறிவிப்புப் பக்கம். தெரிந்தவர் பெயர் வந்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். அவர் கையை இறக்கும்வரை நான் சும்மா இருக்க வேண்டும். சில நாள் ஒரு நிமிடம், சில நாள் அதைவிட நீளம். அப்புறம் அவரே அந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார், நான் கேள்வி கேட்பேன். ஒவ்வொரு நாளும் நான் பேட்டி எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று நிமிடத்துக்கு இதை எழுதிவிட்டேன். நேரம் வைத்துப் பார்த்தேன், 2 நிமிடம் 40 வினாடி வருகிறது.

செங்காங் அண்ணா, நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். வேலை முடிந்து வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "மேசை தொடைக்கிறேன்னு சொல்லு. எந்தக் கடைன்னும் சொல்லு, நம்ம ஆளுங்க வந்து சாப்பிடட்டும். உங்கப்பாவப் பத்தி மட்டும் பேசாத. அது எனக்கும் அவருக்கும் உள்ளது."

அப்பா பற்றிய வரிகளை அடித்துவிட்டேன். ஒலிவாங்கி அண்ணா, பேட்டிக்கு இன்று முதல் தம்பியை எதிரில் உட்கார வைத்துப் பழகுகிறேன். அவன் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்றுதான் சொல்கிறான். நல்ல பயிற்சியாகவே இருக்கிறது. தேர்வு 14ஆம் தேதி, காலை பத்தரைக்கு.