பாலித் தீவின் கோயில் நடனமுறை நம் காவிரிக்கரை ஊர்களுக்குப் பொருந்துமா?

குடமுருட்டிக்கரை (கேள்வி):

பாபநாசம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். சலங்கை பூஜை வரை ஆர்வத்தோடு வரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எட்டியதும் நின்றுவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் ஆடுவதற்கு ஊரில் ஓர் இடமோ, ஒரு நாளோ, ஒரு தேவையோ இல்லை. பாலித் தீவிலோ உழவரும் கடைக்காரரும் தங்கள் கோயில் விழாவில் ஆடுகிறார்கள் என்றும், சுற்றுலா அவ்வளவு பெருகிய பின்னும் மரபு அறுபடவில்லை என்றும் படித்தேன். அதை எப்படிக் காத்தார்கள்? அவ்வழியில் எதையாவது நம் ஊர்க் கோயில்களில் செய்ய இயலுமா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் கடமைப்பட்டிருப்பேன்.

வலங்கைமான் வாசகர்:

அம்மா, வணக்கம். பாலியில் நடனத்தை முதலில் காப்பது அவர்களுடைய நாட்காட்டி. அதில் ஓர் ஆண்டு என்பது 210 நாள்தான் என்பதால், பெரும்பாலான கோயில்களில் 210 நாளுக்கு ஒருமுறை ஆண்டுவிழா வருகிறது. ஓர் ஊருக்கே பல கோயில்கள் இருப்பதால் அடுத்த விழா எப்போதும் அருகிலேயே நிற்கிறது. பஞ்சார் எனப்படும் குடியிருப்புச் சபைக்குத் திறந்த மண்டபம் ஒன்று உண்டு. கமலான் இசைக்குழுவின் பயிற்சியும் ஆட்ட ஒத்திகையும் அங்கே எல்லோர் கண்முன்னும் நடக்கின்றன. ஆசிரியர் பிள்ளையின் பின்னால் நின்று, மணிக்கட்டைப் பிடித்து, கையையும் உடலையும் தானே வளைத்துப் பழக்குகிறார்.

லெகோங் போன்ற கடினமான ஆட்டங்களைத் தேர்ந்தவர்களே ஆடுவார்கள். ஆனால் ரெஜாங் என்னும் ஆட்டத்தில் சிறுமியரும் மூதாட்டியரும் ஒரே வரிசையில் கோயில் முற்றத்தில் மெதுவாக அசைந்து வருகிறார்கள். அதற்கு அரங்கேற்றம் தேவையில்லை. எல்லோரும் ஆடக்கூடிய ஓர் ஆட்டம் அடியில் இருப்பதால்தான் மேலே உள்ள நுட்பமான ஆட்டங்களைப் பார்த்து மதிக்கத் தெரிந்த கூட்டமும் ஊரிலேயே உருவாகிறது என்று நம்புகிறேன்.

சுற்றுலாவைப் பொறுத்தவரை, 1971இல் தென்பசாரில் கூடிய கருத்தரங்கு ஆட்டங்களை மூன்றாக வகுத்தது: கோயிலின் உட்பகுதிக்குரிய வாலி, சடங்கை ஒட்டி நிகழும் பெபாலி, கண்டு மகிழ்வதற்கான பாலிஹ்-பாலிஹான். கோயிலில் ஆடும் பெண்டெட் ஆட்டத்தை விருந்தினர் வரவேற்புக்குப் பயன்படுத்துவது தகாது என்று குரல் எழுந்தபோது, பன்யெம்பராமா என்ற புதிய ஆட்டத்தை அதற்கென்றே அமைத்தார்கள். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 9 ஆட்டங்களும் இம்மூன்று பிரிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவையே.

கீழவீதி:

மேலே எழுதியவர் கூறியதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் தஞ்சை மண்ணில் கோயிலும் நடனமும் பிரிந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. இராஜராஜன், கோயிலில் ஆடும் பணிக்குரிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெரிய கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வகுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இங்கே அது மானியம் பெற்றவர்களின் தொழிலாக இருந்தது. ஊரார் அனைவரும் மாறி மாறிச் செய்த பணியாக இருக்கவில்லை. மானியமும் ஆதரவும் தேய்ந்து, 1947இல் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டதோடு கோயிலுக்கும் ஆட்டத்துக்கும் இருந்த பிணைப்பு முடிந்துபோனது. அந்தச் சட்டம் வேண்டியதே. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெண்களுக்கு அதன்பின் சபா மேடைகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. எனவே, கோயிலில் மீண்டும் நடனம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசும்போது, எந்தத் தெருப் பிள்ளையும் ஆடலாம், யாரும் எதற்கும் நேர்ந்துவிடப்படுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெட்டாற்றுப் பக்கம்:

பாலிக்கு நெருங்கிய ஒன்று உங்களுக்கு அருகிலேயே மெலட்டூரில் இருக்கிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தில் அலுவலகத்திலும் வங்கியிலும் பணிபுரிபவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து ஆடுகிறார்கள். ஆண்களே பெண் வேடமும் ஏற்கிறார்கள். பிரகலாத சரித்திரத்தில் அணியும் நரசிம்மர் முகமூடியைப் பூசைக்குரியதாகவே போற்றுகிறார்கள். பாலியிலும், ஊரைக் காக்கும் விலங்குருவான பாரோங், அதை எதிர்க்கும் சூனியக்காரி ரங்தா ஆகியோரின் முகமூடிகள் கோயிலில் இருந்து படையல் பெறுகின்றன. வேடத்தைத் தெய்வமாகக் கருதும்வரை, ஆட வேண்டிய நாளில் ஆடாமல் விடுவதற்கு ஊருக்கு மனம் வராது. இருந்தாலும் மெலட்டூர் முறை சில குடும்பங்களுக்குரியது. அதை அப்படியே எடுத்துவைக்க முடியாது.

ரெஜாங்குக்கு ஈடாக நம்மிடம் கும்மி இருக்கிறது. மாரியம்மன் கோயில் முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கொட்டும் கும்மியில் வயது வேறுபாடு கிடையாது. உங்கள் மாணவிகள் அதில் முதலில் இறங்கட்டும். அடவு கற்ற கால்களுக்கு அது எளிது. பிறகு அதே இரவில், அதே கூட்டத்தின் முன் அவர்கள் ஒரு பதமோ கவுத்துவமோ ஆடினால், பார்ப்பவர்கள் அதைத் தங்கள் பெண்களின் ஆட்டமாகவே பார்ப்பார்கள். தலைக்கட்டு வரியில் வெளியூர்க் கச்சேரிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒத்திகைச் செலவுக்குக் கேளுங்கள்.

குடமுருட்டிக்கரை:

மூவருக்கும் நன்றி. கும்மியை நான் இதுவரை வகுப்புக்குள் கொண்டுவர எண்ணியதே இல்லை. கோயில் மண்டபத்தில் மாலை ஒத்திகை நடத்த நாட்டாண்மையிடம் இவ்வாரமே அனுமதி கேட்கிறேன். எங்கள் ஊரில் முளைப்பாரிப் பாட்டு முழுவதும் தெரிந்த பெண்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள், அவர்களும் முதியவர்கள். திருக்கருகாவூர், வலங்கைமான் பக்கங்களில் இன்றும் பாடுபவர்கள் இருந்தால், எந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் கேட்கலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.