கடத்தி வரப்பட்ட பெண்ணிடம் காசு கொடுத்துப் போனவனுக்குத் தண்டனை கிடையாதா?

தாமரைச்செல்வி:
எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு லாட்ஜில் ரெய்டு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி வெளிமாநிலத்திலிருந்து கூட்டி வந்து அடைத்து வைத்திருந்த பெண்களை மீட்டார்கள். புரோக்கரும் மேனேஜரும் கைது, ஆனால் அறைகளில் இருந்த ஆண்களை எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம். அவர்கள் மேல் போட சட்டமே இல்லையா, இல்லை இருந்தும் போடவில்லையா?

வக்கீல்_மதுரை:
இருக்கிறது. 2013 திருத்தத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 370ஏ என்று வந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 144ஆம் பிரிவு. கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்தினால் குறைந்தது 3 வருடம், முன்பு 5 வரைதான், இப்போது 7 வரை போகலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் 5 முதல் 10, அதோடு போக்சோவும் சேரும். ஆனால் போலீஸ் கை பழக்கமாகப் போவது 1956ஆம் வருட விபசாரத் தடுப்புச் சட்டத்துக்கு. அதில் காசு கொடுத்துப் போவது தனிக் குற்றமாக எழுதப்படவில்லை, பொது இடத்துக்குப் பக்கத்தில் நடந்தால்தான் அவனுக்கும் 3 மாதம் வரை. அந்தச் சட்டத்தில் மட்டும் வழக்கு போட்டால் ‘வாடிக்கையாளர்’ என்று சொல்லி ஹைகோர்ட்டில் ரத்து வாங்கிவிடுகிறார்கள்.

நிலா_72:
காப்பகத்தில் கவுன்சிலிங் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ‘நம்பக் காரணம்’ எல்லாம் அந்த அறையிலேயே இருக்கும். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள், பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை வராது, கையில் போன் கிடையாது, காசை அவள் தொடவே மாட்டாள், வாங்குவது வாசலில் நிற்கிறவன். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறான். ஆனால் வாக்குமூலம் எடுக்கும்போது ‘உன்னை யார் கூட்டி வந்தது’ என்றுதான் கேட்பார்கள், ‘வந்தவன் என்ன பார்த்தான், அழுதாயா, அவனிடம் ஏதாவது சொன்னாயா’ என்று கேட்கவே மாட்டார்கள். கேட்காதது எஃப்.ஐ.ஆரில் எப்படி வரும்? ஆளையும் அனுப்பிவிட்டால் அப்புறம் அடையாளம் காட்டச் சொல்வது யாரை?

கடலோரன்:
நியாயம்தான், ஆனால் போனவன் எல்லாரையும் பிடி என்று கிளம்பினால் சொந்த விருப்பத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்களைத்தான் போலீஸ் முதலில் நெருக்கும். அவர்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2022ல் சொன்ன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ஜெர்மனியில் 2016ல் வந்த சட்டத்தில் கடத்தப்பட்டவரின் இக்கட்டைப் பயன்படுத்திக் காசு கொடுத்துப் போனவனுக்கு 5 வருடம் வரை சிறை, ஆனால் விஷயம் வெளியே வருவதற்கு முன் அவனாகப் போய்ப் புகார் கொடுத்தால் தண்டனை இல்லை. அது எனக்குச் சரியாகப் படுகிறது, உள்ளே நடப்பதைப் பார்க்கிற வெளியாள் பல இடங்களில் அவன் ஒருவன்தான். இங்கிலாந்தில் 2009ல் நிறைவேறி 2010ல் அமலுக்கு வந்த சட்டப்படி தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, ஆனால் அபராதம் மட்டும்தான். அபராதத்துக்கு எவன் பயப்படுவான்?

தாமரைச்செல்வி:
சரி, அனுப்பிவிட்ட ஆட்களை இனி ஒன்றும் செய்ய முடியாதா?

வக்கீல்_மதுரை:
முடியும். லாட்ஜ் ரிஜிஸ்டர், சிசிடிவி, ஜிபே கணக்கு இருக்கும், அழிவதற்குள் கைப்பற்ற வேண்டும். 144ஐச் சேர்க்கச் சொல்லி எஸ்.பி.க்கு எழுத்தில் மனு கொடுங்கள், ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு ஒரு நகல். மாஜிஸ்திரேட் முன் அந்தப் பெண்கள் வாக்குமூலம் கொடுக்கும்போது அவர்கள் மொழி தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.