ஒட்டுத்துணிச் சட்டை, கைத்தறி ஜாக்கெட்: கையில் எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. வளர்ந்துவரும் வடிவமைப்பாளர்களின் ஆண்கள் உடைகளைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதுகிறேன். லண்டனில் பிரியா அலுவாலியா, டெல்லியில் கார்த்திக் கும்ரா என இருவரை எடுத்திருக்கிறேன்.

இந்திய, நைஜீரியப் பின்னணி கொண்ட பிரியா 2018இல் தொடங்கிய அலுவாலியா என்ற ஆடை நிறுவனம், பழைய உடைகளையும் விற்காமல் தேங்கிய துணிகளையும் வெட்டி, ஒட்டுத்துணியாக இணைத்துப் புது உடையாக்குகிறது. கார்த்திக் 2021இல் ஆரம்பித்த கார்த்திக் ரிசர்ச்சில் கைத்தறியும் கை எம்பிராய்டரியும்தான் உயிர். இரண்டுமே எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன.

ஆனால் ஃபேஷன் ஷோ மேடைப் படங்களில் நிறமும் வெட்டும்தான் தெரிகின்றன. ஒட்டுத்துணியில்தான் பெரிய சந்தேகம். பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே மாதிரி சுருங்காதே, துவைத்தபின் தையல் சுருக்கம் விழுகிறதா? அப்புறம், தளர்வாக நெய்த கைத்தறி ஜாக்கெட்டில், உள்ளே கேன்வாஸ் (வடிவம் நிற்க வைக்கும் விறைப்பான உள்துணி) கொடுக்காமல் தோள்பட்டை நிற்குமா? தையல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இவற்றை வாங்கி உடுத்தியவர்கள் யாராவது இருந்தால், உடையின் உட்பக்கத் தையலைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? புதியவர்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவது அவர்களுக்கே நியாயமல்ல என்று நினைக்கிறேன்.