மினியேச்சர் போர்ட்ரெய்ட்: சிற்றோவியம்னா போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். மினியேச்சர் போர்ட்ரெய்ட்னா உள்ளங்கையில அடங்கற முகப்படம், அதுக்குத் தமிழ்ல என்ன சொல் போடலாம்ங்கறதுதான் பேச்சு.

போன மடல்ல அண்ணன் ஒருத்தர், மினியேச்சர்னா சின்னது, அப்ப சிற்றோவியம், இதுல பேச என்ன இருக்குன்னு கேட்டிருந்தார். இருக்குண்ணே. மொதல்ல அந்தச் சொல்லே சின்னதுங்கறதுல இருந்து வரல. லத்தீன்ல மினியம்னா ஈயச் செந்தூரம், அந்தக் காலத்துக் கையெழுத்துப் புத்தகங்கள்ல தலைப்பெழுத்தை அதால செவப்பா தீட்டுவாங்க, அந்த வேலையோட பேரு இது. படம் பொடிசா இருந்ததால பின்னாடி சின்னதுங்கற அர்த்தம் வர்ற மினிமம் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. அவங்க கொழப்பிக்கிட்டதை நாம ஏன் மொழிபெயர்க்கணும்?

சரி, அது கெடக்கட்டும், பொருளைப் பாப்போம். நான் குறிப்பு எழுதிட்டிருக்கறது ஜேம்ஸ் மேடிசன் படத்துக்கு. 1783ல சார்ல்ஸ் வில்சன் பீல் வரைஞ்சது, இப்ப அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல இருக்கு. பிற்பாடு நாலாவது ஜனாதிபதி ஆனவருக்கு அப்ப 32 வயசு, நியூயார்க் பிரதிநிதி வில்லியம் ஃபிளாய்டோட பொண்ணு கிட்டி மேல ஆசை, அவளுக்கு இவர் வயசுல பாதிதான். ரெண்டு பேரும் பீல்கிட்ட ஆளுக்கொரு படம் வரைஞ்சு வாங்கி மாத்திக்கிட்டாங்க. தங்கக் கூடு, மேடிசன் படத்துக்குப் பின்பக்கம் பின்னல் போட்ட தலைமுடி. அந்த வருஷமே பொண்ணு வேண்டாம்னுட்டா, பின்னாடி மருத்துவம் படிச்சிட்டிருந்த பையனைக் கட்டிக்கிட்டா. நண்பர் ஜெஃபர்சனுக்கு இதப்பத்தி எழுதின கடுதாசி வரிகளை மேடிசன் வயசான காலத்துல மை போட்டு அடிச்சே வச்சுட்டார், பாவம்.

கதை எதுக்குன்னா, இது செவுத்துல மாட்டற படம் இல்ல. சட்டையில குத்திக்கறது, கழுத்துல போட்டுக்கறது, பிரிஞ்சிருக்கறப்ப உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கறது. சிற்றோவியம்னா இந்த நெருக்கம் வரல. தவிர முகலாய, ராஜபுத்திர ஏட்டுப் படங்களுக்கு ஏற்கனவே அந்தச் சொல் ஓடுது, படிக்கறவருக்கு அக்பர் தர்பார்தான் ஞாபகம் வரும்.

நீர்வண்ண ஓவியம்னு பொத்தாம்பொதுவா போட்டாலும் சிக்கல், காகிதம்னு நெனச்சுப்பாங்க. இது ஆனைத்தந்தம். சன்னமா சீவின தகடு, வெயில்ல வெளுக்க வச்சு, எண்ணெய்ப்பசை போக நுரைக்கல் பொடியால தேய்ச்சு, அதுக்கு மேல கோந்து கலந்த வண்ணம். தந்தம் தண்ணி குடிக்காது, தூரிகையில ஈரம் கொஞ்சம் கூடினாலும் அடியில போட்டது பேந்துக்கிட்டு வந்துடும், அதான் புள்ளி புள்ளியா, மயிரிழைக் கோடா வச்சுக்கிட்டே போறது. முகத்துல மட்டும் வண்ணத்தை லேசா விட்டா அடியில இருக்கற தந்தமே தோல் மாதிரி மினுங்கும், சட்டைக்குக் கெட்டி வண்ணம். இத்தனையும் ஒரு சொல்லுக்குள்ள அடைக்க முடியாது, அது தனி வரியில "தந்தத்தில் நீர்வண்ணம்"னு வரட்டும்.

நான் சொல்றது அணியோவியம். அணியற ஓவியம், அணிகலனும் ஆச்சு. தங்கச்சி ஒருத்தங்க அணின்னா கிரிக்கெட் டீம்னுதான் படுதுன்னு எழுதியிருந்தாங்க, நியாயம்தான், ஆனா கூட ஓவியம் ஒட்டினதும் அந்த நெனப்பு போயிடும்னு எனக்குத் தோணுது. பதக்க ஓவியம்னு ஒருத்தர் சொன்னதும் அழகாத்தான் இருக்கு, சங்கிலிப் பதக்கம் நம்ம வீட்டுச் சொல்லு, என்ன, இப்ப பதக்கம்னாலே ஒலிம்பிக்ஸ் ஆயிடுச்சே. முகலாயப் படங்களுக்கு சிற்றோவியமே இருந்துட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு, மேடிசனைச் சொல்றப்ப வர்ற ஸ்டேட்ஸ்மேன்ங்கற சொல்லுக்கு என்ன போடறீங்க? ராஜதந்திரின்னா சூழ்ச்சி வாடை அடிக்குது, அரசியல் மேதைன்னா அந்த வயசுக்கு ரொம்ப ஓவர், அரசியல் சட்டம் எழுத இன்னும் நாலு வருஷம் பாக்கி. இப்போதைக்கு காங்கிரஸ் பிரதிநிதின்னு எழுதி வச்சிருக்கேன், நல்ல சொல் கெடச்சா அனுப்புங்க.