பிரம்பு இல்லாமல் வகுப்பை அடக்க முடியுமா?

புதுடீச்சர்:
வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு, மொத்தம் 52 பிள்ளைகள். பக்கத்து வகுப்பு சீனியர் சார் ஸ்கேலால் மேஜையைத் தட்டினாலே போதும், அங்கே மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. என் வகுப்பு சந்தைக்கடை. போன வாரம் ஒரு பையன் முன்பெஞ்சில் இருந்தவன் முதுகில் காம்பஸால் குத்திவிட்டான், எனக்குக் கோபம் தலைக்கேறி, கையில் இருந்த ஸ்கேலால் அவன் புறங்கையில் ஓர் அடி போட்டுவிட்டேன். வகுப்பே கப்சிப். உண்மையைச் சொன்னால் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. மறுநாள் அவன் அம்மா வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அவரோ "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க மேடம்" என்கிறார். அடிக்காமல் வகுப்பு நடத்துவது நடக்கிற காரியமா, இல்லை பயிற்சிக் கல்லூரியில் பேசுவதற்கு மட்டும்தானா?

கடைசிபெஞ்ச்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடியாத மாடு படியாது. நான் வாங்காத அடியா, இன்று நன்றாகத்தானே இருக்கிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு ஆசிரியர் மேல் பயமே இல்லை, ஒரு அடிக்குப் புகார் எழுதுகிற காலம். அளவோடு கொடுங்கள் மேடம், தப்பில்லை.

பழையவாத்தியார்:
31 வருஷம் வேலை பார்த்தவன் நான், அதில் முதல் பாதி பிரம்போடு. ஒரு கட்டத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஜூனில் யாரை அடித்தேனோ அதே ஏழெட்டுப் பேரைத்தான் மார்ச்சிலும் அடித்துக்கொண்டிருந்தேன். பிரம்பு வேலை செய்திருந்தால் ஆட்கள் மாறியிருக்க வேண்டாமா? அது வேலை செய்தது என் மேல்தான் அம்மா. அடித்ததும் சத்தம் நின்றது, மனசு லேசானது, அடுத்த முறை யோசிக்கும் முன்னாலேயே கை போனது. உங்களுக்குப் பிடித்திருந்தது என்று சொன்னீர்களே, அந்த அமைதிதான்.

சரி, என்ன செய்வது? உள்ளே நுழையும்போதே போர்டில் ஒரு கணக்கு காத்திருக்க வேண்டும், வகுப்பு கெடுவது முதல் ஐந்து நிமிஷத்தில். சத்தம் வந்தால் கூடக் கத்தாதீர்கள், பேச்சை நிறுத்திவிட்டு அந்த பெஞ்ச் பக்கத்தில் போய் நில்லுங்கள். திட்டுவதென்றால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள், அந்த வயசுப் பையனுக்கு நண்பர்கள் முன்னால் தலைகுனிவதைவிட அடி வாங்குவது சுலபம். தண்டனை சின்னதாக இருக்கட்டும், ஆனால் யாரும் தப்ப முடியாததாக இருக்கட்டும். அந்த காம்பஸ் ஒரு மாதம் உங்கள் மேஜையில் இருக்கட்டும், தேவைப்படும்போது வந்து கேட்டு வாங்கிப் போகட்டும். 52 பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் எளிது என்று சொல்ல மாட்டேன், எனக்கே நாலு வருஷம் பிடித்தது.

அப்புறம் ஒன்று, குத்து வாங்கின பையனிடம் யாராவது பேசினீர்களா?

பிரிவு17:
நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. இந்தியா என்றால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டு "நீயெல்லாம் எதுக்கு வர்றே" என்று நாக்கால் அடிப்பவர்கள் இதைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. சுவீடன் பள்ளிகளில் 1958இலும், வீடு உட்பட எல்லா இடத்திலும் 1979இலும் தடை செய்துவிட்டது. அமெரிக்கா நேர்மாறு, பள்ளியில் அடிப்பது அரசியல் சட்டம் தடுக்கும் கொடூர தண்டனைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் 5க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது, சில மாநிலங்களில் இன்றும் சட்டப்படி அடிக்கலாம்.

கடைசிபெஞ்ச், நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், சந்தோஷம். அடிக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் இங்கே வந்து பதில் எழுத மாட்டார்கள். ஆராய்ச்சி என்றால், கெர்ஷாஃப், குரோகன்-கெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனப் பிரச்சினைகளும் கூடுதலாகவே தெரிந்தன. ஆனால் அது வீட்டில் வாங்கும் அடி பற்றியது, முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறது என்றும் வாதாடலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசிபெஞ்ச்:
சார் சொன்ன அந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். வருஷம் முழுக்க வாங்கியிருக்கிறேன், திருந்தினேனா என்று கேட்டால் இல்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அதற்காக மொத்தமாகவே அடி கூடாது என்று ஒத்துக்கொள்ள இன்னும் மனசு வரவில்லை.

புதுடீச்சர்:
ஐயா, குத்து வாங்கினவனை நான் கேட்கவே இல்லை. உங்கள் பதிலைப் படித்த பிறகு இன்று மதியம்தான் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் தினமும் குத்துவான் மிஸ், நீங்க அன்னைக்குத்தான் பார்த்தீங்க. நேத்தும் குத்தினான்" என்றான். இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன். காம்பஸ் இப்போது என் மேஜை டிராயரில்.