கூடைக்குள் விழாத கொழுந்து

ஹட்டன் பக்கத்திலிருந்து:

அம்மாவின் தோள் இறுகிப்போனதை முதலில் காட்டிக்கொடுத்தது கூடைதான். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினால் பார்க்காமலே கூடைக்குள் விழும். முப்பது வருடம் அப்படி வீசிய வலது கை காதுக்கு மேலே போக மறுத்தது. பாதிக் கொழுந்து செடியிலேயே சிந்தியது. கிலோ குறைந்தது, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் வாயு என்றார்கள். கண்ட தைலமெல்லாம் தேய்த்தோம். பக்கத்துக் காம்பராத் (அறைத்) தாத்தா, "இழுத்துவிட்டால் சரியாகும்" என்று கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். மூன்று இரவு அம்மா உட்கார்ந்தே விடிய வைத்தார்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பயிற்சி வைத்தியம் செய்யும் பிசியோ மிஸ், அம்மாவின் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அம்மா திருப்பியும் திரும்பவில்லை, மிஸ் திருப்பியும் திரும்பவில்லை. இதற்கு 'உறைந்த தோள்' (frozen shoulder) என்று பேராம். மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிவிட்டதாம், அதனால் யார் தூக்கினாலும் கை போகாதாம். 40 முதல் 60 வயதுக்குள் வருவதுதான் அதிகம், அதுவும் சீனி வியாதி இருந்தால் இன்னும் அதிகம். அம்மாவுக்குச் சீனி இருக்கிறது.

மிஸ் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகிற கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போட வேண்டும். வலி கடுமையாக இருந்த மாதங்களில் பெரும்பாலும் இதுதான். வலி தணிந்த பிறகு துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது, சுவரில் விரலால் மேலே ஏறுவது. எங்கள் காம்பராச் சுவரில் அம்மா கரித்துண்டால் கோடு போட்டு வைத்தார். இந்தக் குளிரில் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்காமல் கை அசையவே அசையாது. ஐந்தாம் மாதம் தானே சடை பின்னினார். கூடைக்குள் வீச ஒன்றரை வருடம் ஆனது. இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் வீசுகிறார்.

நுவரெலியாவிலிருந்து:

நான் ஆசிரியர். எனக்கும் இதே தோள் இறுக்கம்தான், கரும்பலகையின் மேல் பாதியில் எழுத முடியாமல் போனது. எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி நன்றாக இறங்கியது, ஆனால் சீனி நாலு நாள் ஏறியே கிடந்தது. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, எனக்கு அதில் கோபம்தான். சீனி உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வலி இறங்கியதும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தோள் இளகுவது அந்த நாட்களில்தான்.

பண்டாரவளையிலிருந்து:

தோள் இறுகிய என் சித்தியை வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வளைவுக்கு வளைவு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் போய் வருவதே பெரிய வைத்தியம்! கடைசியில் மாதம் ஒருமுறை போய்ப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு வந்து வீட்டிலேயே செய்தார் சித்தி.

மற்றத் தோளிலும் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சித்திக்கு மூன்று வருடம் கழித்து வந்தது. இந்தத் தடவை யாரையும் இழுக்க விடவில்லை.